பறவையின் மூச்சு எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவைகளின் மூச்சைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பறப்பதற்காகவே பறவைக்குத் தனி நுரையீரல் அமைந்தது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த ஏற்பாட்டின் வேர் சிறகுக்கு முந்தியது. தரையில் ஊர்ந்தும் நடந்தும் திரிந்த விலங்குகளிடம் அது இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

பறவையின் நுரையீரலில் அப்படி என்ன விசேஷம்?

நாட்டுக்கோழியை முழுசாக வாங்கி வீட்டிலேயே சுத்தம் செய்தவர்களுக்கு இது கைப்பழக்கத்தில் தெரியும். குடல், ஈரல், இரைப்பை எல்லாம் கையை விட்டு இழுத்தால் வந்துவிடும். நுரையீரல் மட்டும் வராது. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், விலா எலும்புகளின் இடுக்கில், ரோஜா நிறத்தில் பஞ்சு மாதிரி அப்பிக்கொண்டிருக்கும். விரலால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். பிய்யாமல் எடுத்துவிட்டால் அதன் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். விலா எலும்புகள் அழுந்திய பள்ளங்கள் வரிவரியாக இருக்கும்.

அந்தப் பள்ளங்களிலேயே பாதி விஷயம் இருக்கிறது. நம் நுரையீரல் பலூன் மாதிரி விரிந்து சுருங்கும். கோழியின் நுரையீரல் எலும்புக்கூட்டோடு ஒட்டிக்கொண்டு, கிட்டத்தட்ட அசையாமல் இருக்கும். விரிந்து சுருங்கும் வேலையைச் செய்வது காற்றுப்பைகள். சோப்புக் குமிழியின் தோல் போல மெல்லியவை. பெரும்பாலான பறவைகளில் 9 இருக்கும்: கழுத்தடியில், மார்பில், வயிற்றில் என்று உடம்பெல்லாம் பரவி, சில எலும்புகளுக்கு உள்ளேயும் நுழைந்திருக்கும். இந்தப் பைகளில் ரத்த ஓட்டம் மிகக் குறைவு. ஆக்சிஜனை எடுப்பது இவற்றின் வேலை இல்லை. கொல்லன் பட்டறைத் துருத்தி போலக் காற்றைத் தள்ளுவதோடு சரி.

மார்பையும் வயிற்றையும் பிரித்து நமக்கு மூச்சிழுக்க உதவும் தசையான உதரவிதானமும் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு கீழே இறங்கினால் காற்று உள்ளே வரும், மேலே ஏறினால் வெளியே போகும்.

காற்று எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது?

நமக்கு ஒரே வாசல். காற்று போன வழியிலேயே திரும்ப வரும். வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் 2 லிட்டருக்கு மேல் பழைய காற்று தங்கிவிடும். புதிதாக இழுக்கும் அரை லிட்டர் அதோடுதான் கலக்க வேண்டும்.

பறவையில் ஒரு மடக்குக் காற்று உள்ளே போய் வெளியே வர இரண்டு மூச்சு தேவை. முதல் முறை இழுக்கும்போது புதுக்காற்றின் பெரும்பகுதி நுரையீரலைத் தாண்டிப் பின்பக்கப் பைகளுக்குப் போய்விடும். மூச்சை விடும்போது அந்தக் காற்று பின்பக்கப் பைகளிலிருந்து நுரையீரலுக்குள் நுழையும். அடுத்த முறை இழுக்கும்போது நுரையீரலிலிருந்து முன்பக்கப் பைகளுக்கு நகரும். அடுத்து விடும்போதுதான் மூச்சுக்குழல் வழியாக வெளியேறும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பறவை மூச்சை இழுத்தாலும் சரி, விட்டாலும் சரி, நுரையீரலின் நுண்குழல்கள் வழியே காற்று பின்னிருந்து முன்னாக, ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கிறது. பாராபிராங்கை எனப்படும் இந்தக் குழல்கள் இரண்டு பக்கமும் திறந்தவை. நம்முடைய காற்றறைகள் முட்டுச்சந்துகள். இவை ஒருவழிச் சாலைகள்.

கண்ணுக்குத் தெரியாத காற்றின் பாதையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1774-லேயே ஜான் ஹண்டர் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் எலும்புக்குள் காற்று போவதைக் காட்டினார். மூச்சுக்குழலை அடைத்துவிட்டு, சிறகின் மேல்கை எலும்பைத் திறந்துவிட்டால் பறவை அந்த எலும்பு வழியாகவே மூச்சு விடும் என்பது அவர் செய்து பார்த்தது. படிக்கவே மனசுக்குச் சங்கடமான சோதனை. ஆனால் நுரையீரலும் எலும்பும் ஒரே குழாய்த் தொடர் என்பது அதில் உறுதியானது.

திசையைக் கண்டுபிடிக்க இன்னும் 200 வருஷம் ஆனது. 1970 வாக்கில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த நட் ஷ்மிட்-நீல்சன் நெருப்புக்கோழிகளை வைத்துச் சோதித்தார். பெரிய உடம்பு, நிதானமான மூச்சு என்பதால் தொடர்ந்து அளக்க வசதி. ஒரே ஒரு மூச்சுக்கு மட்டும் சுத்த ஆக்சிஜன் கொடுத்து, அது எந்தப் பையில் எப்போது தலைகாட்டுகிறது என்று பார்த்தார்கள். பின்பக்கப் பைகளில் உடனே தெரிந்தது. முன்பக்கப் பைகளில் அடுத்த மூச்சில்தான் தெரிந்தது. நடுவில் அந்தக் காற்று நுரையீரலைக் கடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரே திசையில் போக உள்ளே வால்வு ஏதாவது இருக்கிறதா?

இல்லை. ரத்தக் குழாயில் இருப்பது போன்ற மூடித் திறக்கும் கதவு எதுவும் நுரையீரலில் கிடையாது. குழல்கள் பிரியும் கோணம், அவற்றின் அகலம், காற்றின் வேகம் இவை சேர்ந்தே காற்றைத் திருப்பிவிடுகின்றன. ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் வேகமாக வரும் தண்ணீர் நேர்க்கிளையிலேயே பாய்வதை நினைத்துக்கொள்ளலாம்.

இதனால் பறவைக்கு என்ன லாபம்?

நிறைய. நுண்குழல்களின் சுவரிலிருந்து முடியை விட மெல்லிய காற்றுத் தந்துகிகள் கிளைக்கின்றன. ரத்தம் காற்றின் திசைக்குக் குறுக்கே வந்து அவற்றைச் சுற்றிப் பாய்கிறது. குழலின் தொடக்கத்தில் வரும் ரத்தம் புத்தம் புதுக்காற்றைச் சந்திக்கும், கடைசியில் வரும் ரத்தம் பழைய காற்றைச் சந்திக்கும், பிறகு எல்லாம் ஒன்றாகச் சேரும். அதனால் பறவை வெளியே விடும் காற்றில் இருப்பதை விட அதன் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் அதிகமாக இருக்க முடியும். நம் நுரையீரலால் இது முடியாது. நுரையீரல் விரிந்து சுருங்க வேண்டியதில்லை என்பதால் காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சவ்வு மிக மெல்லியதாக இருந்தாலும் கிழியாது.

1968-ல் வான்ஸ் டக்கர் என்பவர் சிட்டுக்குருவியையும் எலியையும் 6,100 மீட்டர் உயரத்துக்குச் சமமான மெல்லிய காற்றில் விட்டுப் பார்த்தார். எலிகள் நகரவே சிரமப்பட்டுச் சுருண்டு கிடந்தன. குருவிகள் பறந்தன. நம் வீட்டு முற்றத்துக் குருவிதான்!

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்தை நினைத்துப் பாருங்கள். மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி வரும் இனம் அது. கருவி பொருத்திப் பின்தொடர்ந்ததில் ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது. எல்லாப் பெருமையையும் நுரையீரலுக்கே கொடுத்துவிடக் கூடாது. அந்த வாத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சமவெளி வாத்துகளை விட இறுக்கமாகப் பிடிக்கும், பறக்கும் தசைகளில் ரத்தத் தந்துகிகளும் அதிகம். ஆனால் அவை எல்லாம் பிறகு சேர்ந்தவை. அடித்தளம் இந்த ஒருவழி நுரையீரல்.

அப்படியானால் பறப்பதற்காகத்தானே இது உருவானது?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் வருகிறது.

2010-ல் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொலீன் ஃபார்மரும் கென்ட் சாண்டர்ஸும் அமெரிக்க முதலையான அலிகேட்டரின் நுரையீரலுக்குள் காற்றின் ஓட்டத்தை அளந்தார்கள். உயிருள்ள முதலைகளில் காற்றின் வேகத்தை உணரும் சிறு கருவிகளைப் பொருத்தினார்கள். இறந்த முதலையின் நுரையீரலில் ஒளிரும் நுண்மணிகள் கலந்த திரவத்தை உள்ளும் வெளியும் செலுத்தி, மணிகள் எந்தப் பக்கம் போகின்றன என்றும் பார்த்தார்கள். மூச்சை இழுத்தாலும் விட்டாலும் ஓட்டம் ஒரே திசை. பறவையில் இருப்பது போலவே.

முதலைக்குக் காற்றுப்பை கிடையாது. சிறகு கிடையாது. நாள் முழுக்க வெயிலில் கரையில் கிடக்கிற பிராணி. பறப்பதற்காக இந்த அமைப்பு வந்தது என்றால் அதற்கு இது எதற்கு? பறவை வம்சமும் முதலை வம்சமும் பிரிந்து சுமார் 25 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இரண்டிலும் இருக்கும் ஒன்று அதற்கும் முன்னால் வாழ்ந்த பொது மூதாதையிடம் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் எளிய விளக்கம்.

முதலையோடு நின்றுவிடுகிறதா?

நிற்கவில்லை. அதே குழுவினர் ஆப்பிரிக்கப் புல்வெளியில் வாழும் உடும்பு ஒன்றில் சோதித்து, அதன் நுரையீரலின் பெரும்பகுதியிலும் ஒரே திசை ஓட்டம் இருப்பதை 2013 கடைசியில் வெளியிட்டார்கள். நம் ஊர் உடும்புக்கு அது நெருங்கிய சொந்தம். அடுத்த வருஷம் பச்சை இக்வானா என்ற பல்லியிலும் கண்டார்கள். இக்வானாவின் நுரையீரல் உள்ளே அவ்வளவு சிக்கல் இல்லாதது. இத்தனை எளிய நுரையீரலிலும் அது நடக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். பல்லி வம்சமும் முதலை-பறவை வம்சமும் பிரிவதற்கு முன்பே, 27 கோடி ஆண்டுகள் அளவில், ஒருவழி ஓட்டம் வந்துவிட்டது என்பது ஒன்று. தனித்தனியாகப் பல முறை தோன்றியது என்பது இன்னொன்று. விவாதம் முடியவில்லை. எப்படிப் பார்த்தாலும் பறத்தல் இதற்குக் காரணம் என்று சொல்ல இனி இடமில்லை. நிமிடத்துக்கு ஓரிரு முறை மூச்சு விட்டுச் சும்மா கிடக்கும் குளிர் ரத்தப் பிராணிக்கும் இது பயன்படுகிறது என்பதை ஏற்றுக்கொண்டுதான் மேலே யோசிக்க வேண்டும்.

டைனோசர்களின் நுரையீரல் அழிந்து போயிற்றே, அதைப் பற்றி எப்படிப் பேச முடிகிறது?

நுரையீரல் அழிந்தது, அது எலும்பில் விட்ட தடம் அழியவில்லை. பறவையின் காற்றுப்பை முதுகெலும்புக்குள் நுழையும்போது ஓர் ஓட்டை போட்டு, உள்ளே குடைந்து, அறை அறையாக்கிவிடும். அதே ஓட்டைகளும் அறைகளும் டைனோசர் எலும்புகளில் இருக்கின்றன. மடகாஸ்கரில் கிடைத்த மஜுங்கசாரஸ் என்ற இரைகொல்லி டைனோசரின் முதுகெலும்புகளை இன்றைய பறவைகளோடு ஒப்பிட்டு, பின்பக்கக் காற்றுப்பைகள் அதற்கு இருந்தன என்று 2005-ல் ஓகானர், கிளாசென்ஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அர்ஜென்டினாவில் கிடைத்து 2008-ல் பெயரிடப்பட்ட ஏரோஸ்டியோனுக்கு முதுகெலும்பு மட்டுமல்ல, இடுப்பெலும்பும் மார்புக்கு முன்னால் இருக்கும் கவட்டை எலும்பும்கூட உள்ளே காற்றறைகளாக இருந்தன. அந்தப் பெயரின் அர்த்தமே காற்றெலும்புதான்.

நீண்ட கழுத்து டைனோசர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாமென்சிசாரஸ் இனம் ஒன்றின் கழுத்து 15 மீட்டர் என்று கணிக்கிறார்கள். அவ்வளவு நீளக் குழல் வழியே இழுத்த காற்றையே திரும்ப வெளியே தள்ளினால், குழலில் தேங்கும் பழைய காற்றுதான் நுரையீரலுக்கு மிஞ்சும். காற்றுப்பை இருந்தால் ஒரே இழுப்பில் அதிகக் காற்றை உள்ளே கொண்டுவரலாம். கழுத்தெலும்பு குடையப்பட்டதால் எடையும் குறையும். காற்றுப்பை இல்லாமல் அந்தக் கழுத்து சாத்தியமே இல்லை என்பது என் எண்ணம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரேசிலில் கிடைத்த, 23 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆரம்பகால டைனோசர் எலும்புகளை 2022-ல் ஸ்கேன் செய்து பார்த்தபோது உள்ளே காற்றறைகள் இல்லை. ஆகவே எலும்புக்குள் காற்றுப்பை நுழைவது நீண்ட கழுத்து டைனோசர்கள், இரைகொல்லி டைனோசர்கள், பறக்கும் டெரோசர்கள் என மூன்று கிளைகளில் தனித்தனியாக நடந்திருக்க வேண்டும் என்கிறார்கள். நுரையீரலின் ஒருவழி ஓட்டம் ஒரு கதை, எலும்புக்குள் காற்று போனது இன்னொரு கதை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஊர்வனவற்றுக்கு விலா எலும்பால் மூச்சு விடும் வழி எப்போது வந்தது?

தவளையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். தொண்டை விடாமல் துடித்துக்கொண்டே இருக்கும். வாயில் காற்றை நிரப்பி, நாசியை மூடி, நுரையீரலுக்குள் தள்ளுகிறது. விழுங்குவது மாதிரிதான். இதற்கு அகலமான தலை வேண்டும். ஒவ்வொரு தள்ளலிலும் கொஞ்சமே போகும் என்பதால் கரியமில வாயுவின் பெரும்பகுதியை ஈரத்தோல் வழியாகத்தான் தவளை வெளியேற்றுகிறது. அதனால் ஈரத்தை விட்டு அதிக தூரம் போக முடியாது.

ஊர்வனவற்றின் மூதாதைகள் விலாவை விரித்துக் காற்றை உறிஞ்சப் பழகியதும் இந்த இரண்டு கட்டும் அவிழ்ந்தன. தோல் காய்ந்து செதிலாக முடிந்தது. தலை குறுகி, கழுத்து நீள முடிந்தது. வறண்ட நிலத்துக்கு அவை குடிபோனதில் முட்டை ஓட்டுக்கு இருக்கும் பங்கு விலா எலும்புக்கும் உண்டு.

ஓணான் ஏன் கொஞ்சம் ஓடி, நின்று, மறுபடி ஓடுகிறது?

அது ஓடும்போது உடம்பு இடம் வலமாக வளையும். வளைக்கிற தசைகளும் மூச்சுக்கு விலாவை அசைக்கிற தசைகளும் ஒன்றே. இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்காது. 1987-ல் டேவிட் கேரியர் என்ற ஆய்வாளர் இதைத் தெளிவாக எழுதினார். அடுத்த முறை வேலியில் ஓணான் நின்றதும் அதன் விலாப்பக்கத்தைக் கவனியுங்கள், அப்போதுதான் படபடவென்று மூச்சு வாங்கும்.

உடும்பு இதற்கு ஒரு வழி கண்டது. ஓடும்போது தவளை மாதிரி தொண்டையை உப்பி உப்பிக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. பழைய வித்தையையே எடுத்து மறுபடி பயன்படுத்துகிறது. பறவையின் மூதாதைகளோ இரண்டு காலில் நிமிர்ந்தன. உடம்பு பக்கவாட்டில் வளைவது நின்றது, ஓட்டமும் மூச்சும் ஒன்றையொன்று தடுக்கவில்லை.

முதலை, ஆமை, பாம்பு எல்லாம் எப்படி?

முதலையின் ஈரல்தான் அதன் பம்பு. ஈரலிலிருந்து இடுப்பெலும்புக்குப் போகும் ஒரு தசை அதைப் பின்னால் இழுக்கும், நுரையீரல் விரியும். ஈரல் முன்னால் வந்தால் மூச்சு வெளியேறும்.

ஆமைக்கு விலாவே ஓடாகிவிட்டது, அசைக்க முடியாது. ஓட்டுக்குள்ளே இருக்கும் வயிற்றுத் தசைகளால் உள்ளுறுப்புகளை அழுத்தியும் தளர்த்தியும் சமாளிக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கிடைத்த, சுமார் 26 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, ஆமையின் பழைய உறவாகக் கருதப்படும் யூனோட்டோசாரஸுக்கு ஓடு இன்னும் வரவில்லை, விலா மட்டும் அகன்றிருந்தது. மூச்சு வேலை தசைக்கு மாறுவது அப்போதே தொடங்கிவிட்டது. ஆமையைத் தொட்டால் புஸ் என்று ஒரு சத்தம் வருமே, கோபமில்லை. தலையை உள்ளே இழுக்க இடம் வேண்டும், அதற்காகக் காற்று வெளியே போகிறது.

பாம்பில் வலது நுரையீரல் நீண்டு கிடக்கும். இடது பெரும்பாலும் சுருங்கியோ இல்லாமலோ போய்விடும். பெரிய இரையை விழுங்கும்போது மூச்சுக்குழலின் வாயை முன்னால் நீட்டி, இரைக்கு அடிவழியாக மூச்சு விடும்.

வீட்டில் பறவை வளர்ப்பவர்கள் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது?

உண்டு. கிளியையோ குஞ்சையோ மார்போடு இறுக்கிப் பிடிக்காதீர்கள். மூக்கு திறந்திருந்தாலும் மார்பெலும்பு அசையாவிட்டால் மூச்சு இல்லை. கையில் வைத்து அன்பாக அழுத்தியே குஞ்சைக் கொன்றுவிட்ட குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்புறம், புகை. ஆக்சிஜனைத் திறமையாக எடுக்கும் நுரையீரல் விஷத்தையும் அதே திறமையோடு எடுத்துக்கொள்ளும். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவை முன்னால் அறிய 1986 வரை கேனரிக் குருவிகளை வைத்திருந்தது இதனால்தான். நான்ஸ்டிக் பாத்திரம் அடுப்பில் காய்ந்து தீய்ந்தால் வரும் ஆவி நமக்குத் தெரியாமலே கூண்டுப் பறவையைக் கொன்றுவிடும். கூண்டு சமையலறையில் இருக்கக் கூடாது.

விரிந்து சுருங்காத நுரையீரல் என்றால் குஞ்சு முதல் மூச்சை எப்படி விடுகிறது?

நல்ல கேள்வி. நம் குழந்தை பிறந்ததும் வீறிட்டு அழுது, மடங்கிக் கிடந்த நுரையீரலைக் காற்றால் விரித்துக்கொள்ளும். பறவையின் காற்றுத் தந்துகிகள் அப்படித் திடீரென்று விரியக்கூடியவை அல்ல. அவற்றில் இருக்கும் திரவம் மெல்ல வடிந்து, காற்று மெல்லப் புக வேண்டும். அதற்கு அவகாசம் தருவது முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை. அவித்த முட்டையை உரிக்கும்போது அந்தப் பக்கம் சப்பையாக இருக்குமே, அதுதான்.

அதுவரை குஞ்சுக்கு வேண்டிய ஆக்சிஜன் ஓட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாக வந்து, ஓட்டை ஒட்டிய சவ்வின் ரத்தக் குழாய்களில் ஏறுகிறது. கோழிக்குஞ்சு பொரிப்பது 21-ம் நாள். ஏறக்குறைய 19, 20-ம் நாளிலேயே அலகால் உள்சவ்வைக் கிழித்து, தலையைக் காற்றறைக்குள் நீட்டிவிடும். ஓடு அப்போது உடைந்திருக்காது. ஒரு நாள் அளவுக்கு அந்தச் சின்ன இடத்துக் காற்றையே இழுத்து விட்டு, நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டப் பழக்கிக்கொள்கிறது. அடைகோழியை லேசாக விலக்கிவிட்டு முட்டையைக் காதருகே வைத்தால், முழு ஓட்டுக்குள்ளிருந்தே கீச் கீச் என்ற சத்தம் கேட்கும்.